மச்சாள் தைத்த பொன்னாடைக் கோட்டு

போன மாதம் எங்கள் முன்பள்ளியில் ஒரு விழா. பிள்ளைகள் ஆடிப் பாடி முடிந்த பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இத்தனை காலம் படிப்பித்ததற்காக ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பொன்னாடை அதுதான். கண் கலங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானோ துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, நூல் பிரியுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கரை நல்ல அகலம். உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்தால் இரண்டு கையும் ஒரு பொக்கற்றும் வரும் என்று மனம் ஒரு பக்கம் வெட்டத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், கொழும்பில் மகளோடு இருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துச் செய்தியைச் சொன்னேன். வாழ்த்துவார் என்று பார்த்தால், "என்ன நிறம்?" என்றுதான் முதலில் கேட்டார்.

மச்சாள் என்று நான் சொல்வது என் அண்ணையின் மனைவியை. அண்ணை அளவெட்டியில் நாதஸ்வர வித்துவான். எங்கள் அப்பாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அரிசிக்கு முடை வந்த நாட்கள் உண்டு, பொன்னாடைக்கு வந்ததே இல்லை. கோயில் திருவிழா, கலியாணம், பாடசாலை விழா, புத்தக வெளியீடு என்று அண்ணை எங்கே வாசித்தாலும் கடைசியில் ஒருவர் வந்து ஒன்றைப் போர்த்திவிடுவார். போர்த்துகிறவருக்கு அந்த நிமிடத்தோடு வேலை முடிந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்தவர்தான் அதை என்ன செய்வதென்று யோசிக்க வேண்டும். சேலையாக உடுக்க நீளம் காணாது. படுக்கையில் விரித்தால் வழுக்கும். துவாயாக வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரை இழுக்காது. வீசவும் முடியாது, மரியாதை அல்லவா. அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பொலித்தீன் உறை கசங்காமல் அலுமாரியில் வைத்து, அடுத்து யாரையாவது கௌரவிக்கப் போகும்போது அதையே கொண்டுபோய்ப் போர்த்திவிடுவது. எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் இது. கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: தந்தவரிடமே அது திரும்பிப் போய்விடக் கூடாது.

மச்சாள் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவர். கலியாணத்துக்கு முன்பு அங்கே ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். கலியாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெட்டியோடு ஒரு சாக்கு மூட்டையும் வந்தது. பாத்திரமாக்கும் என்று நினைத்து அவிழ்த்துப் பார்த்தேன். அத்தனையும் வெட்டுத்துண்டுகள். சட்டைக்கு வெட்டியபோது விழுந்த முக்கோணம், கழுத்துக்கு வெட்டிய வட்டம், ஒருவர் கட்டிய பாவாடையில் மிஞ்சிய நாலு விரல் அகலத் துணி. இந்தத் துண்டுகளைப் பொருத்தித் தன் உடுப்பைத் தானே தைத்துப் போடுவது அவருடைய பழக்கம். வசதி இல்லாததால் செய்ததல்ல. கடையில் தொங்குகிற சட்டை யாரோ ஒருவருக்காகத் தைத்தது, அதற்குள் நான் ஏன் போய்ப் புக வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. அதே வீட்டில்தான் இருந்தேன். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்குத்தான் அவரைவிடக் கூட.

அவர் தைப்பதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. துண்டுகளைக் கழுவி, காயவைத்து, அயன் பண்ணி, விறாந்தை நிலத்தில் பரப்பி வைப்பார். உடனே தைக்க மாட்டார். ஒரு நாள் அப்படியே கிடக்கும். சமைக்கப் போகும்போது ஒன்றைக் காலால் தள்ளி வைப்பார், திரும்பி வரும்போது இன்னொன்றைக் குனிந்து மாற்றுவார். நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தாத்தானே தெரியும், ஆர் ஆரோடை ஒத்துப்போவினம் எண்டு" என்பார். சிவப்பையும் பச்சையையும் ஏதோ சண்டைக்காரக் குடும்பங்கள் போலக் கதைப்பார். தைத்து முடித்த பிறகு அதைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் ஆசை வந்தது. இன்று நான் போடுகிற பாவாடைகளில் பாதி நானே பொருத்தித் தைத்தவை.

இனி, அண்ணையின் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் குறிச்சியில் உள்ள பிள்ளையார் கோயில் அது. அப்பா காலந்தொட்டு அங்கே பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் வீட்டு மேளம்தான். மற்ற இடங்களில் ஒரு அழைப்புத் தவறினால் அண்ணை கவலைப்பட மாட்டார். இந்த வாசல் அவருக்கு வேறு. "அந்தக் கோயில் போச்சுதெண்டால் நான் வாசிக்கிறதையே விட்டிடுவன்" என்று சொல்லியிருக்கிறார், வெறும் பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அந்தக் கோயிலின் பரிபாலன சபைத் தலைவர் சுன்னாகத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். வாய் அதிகம் திறக்காத மனிதர். ஒரு திருவிழா முடிவில் அவர் அண்ணைக்குப் போர்த்திய பொன்னாடை கத்தரிப்பூ நிறம். மற்றவர்கள் போர்த்துவதெல்லாம் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக இருக்க, இது ஒன்று தனியாகத் தெரிந்தது. தன் மகள் இந்தியாவுக்குப் போனபோது வித்துவானுக்கென்றே வாங்கி வந்தது என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போர்த்தினார்.

அடுத்த வருடம் தலைவருக்கு மணிவிழா. அண்ணை வாசிக்கப் போனார். நானும் மச்சாளும் போய்ச் சபையில் இருந்தோம். வாசிப்பு முடிந்ததும் அண்ணை தன் பங்குக்கு ஒரு பொன்னாடை போர்த்த எழுந்தார். புறப்படும் அவசரத்தில் அலுமாரியில் கைக்கு வந்ததை உறையோடு எடுத்து வந்திருந்தார். அண்ணைக்குச் சுருதி அரை இழை பிசகினாலும் காது சிவக்கும். நிறம் என்றால் அவருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளை அல்லாத வேட்டி, அவ்வளவுதான். உறையைக் கழற்றி அவர் உதறி விரித்தபோது கத்தரிப்பூ நிறம் மேடை முழுக்கத் தெரிந்தது. மச்சாள் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிக் கிடந்தது. மேடையில் அண்ணைக்கும் எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, விரித்த கையை மடக்கவா முடியும். தலைவர் முகம் மாறவில்லை. குனிந்து வாங்கிக்கொண்டு, கும்பிட்டு, அன்று குவிந்த மற்றவற்றோடு அதையும் மடித்து வைத்தார். வீட்டுக்கு வந்து மூவரும் நீண்ட நேரம் பேசி, அவர் கவனிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தோம். அப்படி நம்பினால்தான் சோறு இறங்கும் போல இருந்தது.

கோட்டு வந்தது அதற்குப் பிறகுதான். மச்சாளுக்கு முட்டு வருத்தம் உண்டு. மார்கழிப் பனி பட்டால் மூச்சு இழுக்கும். விடியப்புறத்தில் வெளியே போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மச்சாள் எதைக் கேட்டாலும் இதைக் கேட்கத் தயாராக இல்லை, ஏனென்றால் மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்கு அண்ணை அந்தப் பிள்ளையார் கோயிலில் வாசிப்பார். கூட்டம் இருக்காது, ஒலிபெருக்கியும் இல்லை. இருட்டு விலகாத வேளையில் அவர் பூபாளத்தை எடுத்தால் அது சுவரில் பட்டு மெதுவாகத் திரும்பி வரும். "வருசம் முழுக்க இவர் ஊருக்கு வாசிக்கிறார். அந்தக் கொஞ்ச நாளும் எனக்கெண்டு வாசிக்கிறார் எண்டு நினைக்கிறனான். அதுக்கும் போகாமல் வீட்டிலை கிடக்கிறதெண்டால் நான் இவரைக் கட்டியே இருக்கத் தேவையில்லை" என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து, குவிந்து கிடந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

அண்ணை பதறிப்போனார். "உது மரியாதையெல்லே. மரியாதையை ஆரும் வெட்டுவினமோ?"

"உள்ளுக்குக் கிடந்து பூச்சி அரிக்கிறதும் மரியாதையோ?" என்று மச்சாள் கேட்டார். "அதோடை, இனி இதுகளைக் கொண்டுபோய் ஆருக்கும் போர்த்தத் தேவையில்லை. மணிவிழாவிலை பட்டது காணும்."

அண்ணை நாதஸ்வரத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

பொன்னாடைத் துணி தைக்கிறவருக்கு அடங்காத துணி. வெட்டிய இடத்தில் நூல் நூலாகப் பிரியும். ஊசிக்குக் கீழே நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். மச்சாள் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் பழைய வேட்டித் துணியை வைத்து நூலோட்டி, அது அடங்கிய பிறகே கால் மிசினில் ஓட்டினார். உள்ளே முழுக்க, கொக்குவில் கடையில் குழந்தைச் சட்டைக்கு வெட்டி மிஞ்சிய மெத்தென்ற துணி. தங்கக் கரைகளை முன்பக்கம் நெடுக இறக்கினார். கழுத்தை மட்டும் பொன்னாடையில் வைக்கவில்லை. சரிகை குத்தும் என்று, சாக்கு மூட்டையில் கிடந்த பருத்தித் துண்டொன்றை எடுத்து வைத்தார். யாரோ ஒரு பிள்ளையின் சட்டையில் மிஞ்சிய ஊதாத் துணி அது. முடிந்ததும் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேர்ச்சீலை போல இருக்கிறது என்றேன். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தத் திருவெம்பாவை நாட்கள் முழுவதும் மச்சாள் அந்தக் கோட்டோடு கோயிலுக்குப் போனார். மூச்சு ஒரு நாளும் இழுக்கவில்லை. கற்பூரம் காட்டும்போது அந்தக் கரைகள் எல்லாம் மினுங்கும். சாமியைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் மச்சாளைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கோயில் செயலாளர். இளம் பொடியன்களின் கோஷ்டி ஒன்றைத் திருவிழாவுக்குப் பிடிக்க வேண்டும், அவர்கள் சினிமாப் பாட்டும் வாசிப்பார்கள், சனம் நிற்கும் என்று கொஞ்சக் காலமாகச் சொல்லி வந்தவர். ஒரு சாட்டுத்தான் கிடைக்காமல் இருந்தது. மச்சாள் அதைக் கை, கழுத்து, பொத்தான் எல்லாம் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார் என்று நான் அப்போது கோபத்தோடு நினைத்தேன்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு பின்னேரம் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத் தலைவரும் வந்தார். அண்ணை இருவரையும் கதிரையில் இருத்திவிட்டு நின்றார். செயலாளர் தேத்தண்ணியைத் தொடாமலே தொடங்கினார்.

"வித்துவான், பிழையா நினைக்கக் கூடாது. கோயிலாலை போர்த்தின பொன்னாடையளை உங்கடை வீட்டிலை வெட்டித் தைச்சுப் போடுகினம் எண்டு ஊரிலை ஒரு கதை அடிபடுது. மரியாதை தெரியாத ஆக்களுக்கு ஏன் கோயில் மரியாதை எண்டு சனம் கேக்குது."

வாசிக்கும்போது அவ்வளவு விறைப்பாக நிற்கிற அண்ணை, தோள் இறங்கிப்போய் நின்றார்.

"மற்றதுகளை விடுவம்" என்றார் செயலாளர். "தலைவர் போர்த்தினது ஒண்டு இருக்கெல்லே, மகள் இந்தியாவிலையிருந்து கொண்டந்தது. அதை முழுசாக் கொண்டுவந்து காட்டுங்கோ. அதோடை கதை முடிஞ்சுது. காட்டேலாட்டி, இந்த முறை திருவிழாவுக்கு நாங்கள் வேறை ஆக்களைத்தான் பாக்க வேணும்."

அது எங்கே முழுதாக இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கேட்டுக்கொண்டிருந்த தலைவரின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதைச் சொன்னால், வெட்டிவிட்டோம் என்ற பழி போகும். தந்தவருக்கே திருப்பிப் போர்த்திய வித்துவான் என்ற சிரிப்பு அண்ணையின் ஆயுள் முழுக்க நிற்கும். தலைவருக்கும் அது எவ்வளவு வெட்கம். மச்சாள் உள்ளே போய்க் கோட்டை எடுத்து வந்தார்.

"முழுசாக் காட்டேலாது, ஐயா. நான்தான் வெட்டினனான், இவருக்கு அதிலை பங்கில்லை" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார். "கழுத்தடியிலை கிடக்கிற ஊதாதான் உங்கடை."

தலைவர் கையை நீட்டி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். கடையில் கம்பியைக் கையில் உருட்டியே அதன் தடிப்பைச் சொல்கிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கழுத்துத் துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உரசினார். பிறகு கோட்டைப் புரட்டி, உள்தையலை மேலிருந்து கீழே வரை பார்த்தார். அந்த நேரம் முழுக்க மச்சாள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பிள்ளை வெட்டினனீ?"

"எனக்கு முட்டு வருத்தம். பனிக்குள்ளை போகேலாது. இவர் விடியப்பறம் வாசிக்கிறதைக் கேக்காமல் இருக்கவும் ஏலாது. இது எல்லாம் இவர் வாசிச்சதுக்குக் கிடைச்சது, இவர் வாசிக்கிறதைக் கேக்கப் போறதுக்குத்தான் போடுறன். வேறை இடத்துக்குப் போட்டுக்கொண்டு போறேல்லை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓம். இது என்ரைதான்" என்றார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார். "நான் ஒருக்காப் போர்த்திப்போட்டு வந்திட்டன். இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் போர்த்துது. இதிலை அவமரியாதை எங்கை கிடக்கு?" கோட்டை மடித்து மச்சாளிடம் கொடுத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். அவர் குடித்ததால் செயலாளரும் குடிக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் படலையைத் தாண்டியதும் அண்ணை கதிரையில் இருந்து சிரித்தார். "மனுசனுக்கு என்னைப் போலை நிறம் மட்டுப்பிடிக்கத் தெரியாது, நல்ல காலம்" என்றார். நானும் சிரித்தேன். அவ்வளவு பயந்த பிறகு சிரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மச்சாள் மட்டும் சிரிக்காமல் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

பங்குனித் திருவிழாவுக்கு அண்ணைதான் வாசித்தார். தேரன்று அவர் வாசித்த மல்லாரியை இப்போதும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செயலாளர் முன்வரிசையில் நின்று தாளம் போட்டார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. உபயகாரர்களில் இரண்டொருவர் பொன்னாடை போர்த்திவிட்டு, மச்சாளிடம் வந்து, "கோட்டுக்கு இந்த நிறம் தோதாய் வருமோ?" என்று இரகசியமாகக் கேட்டார்கள். மச்சாளும் துணியைத் தொட்டுப் பார்த்து, சிலருக்கு வரும் என்றும் சிலருக்குப் பாப்பம் என்றும் பதில் சொன்னார்.

திருவிழாவின் கடைசிப் பூசையான வைரவர் மடையும் முடிந்த அடுத்த நாள் பின்னேரம் தலைவர் தனியாக வந்தார். அண்ணை வாசித்த களைப்பில் உள்ளே நித்திரை. எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, விறாந்தையில் இருந்த மச்சாளிடம் ஒரு கடைப்பையை நீட்டினார். மச்சாள் அதற்குள்ளிருந்து உறையை உருவினார். கத்தரிப்பூ நிறம்.

மச்சாள் உறையைத் திரும்பவும் பைக்குள் தள்ளப் பார்த்தார்.

"மணிவிழாவிலை தம்பி இதை விரிச்ச உடனையே கண்டிட்டன்" என்றார் தலைவர். "நானும் ஒருக்கா என்ரை சம்பந்தியாருக்கு அவர் போர்த்தினதையே கொண்டுபோய்ப் போர்த்திப்போட்டு வந்தனான். அண்டைக்கு எனக்கு வேர்த்த வேர்வை எனக்குத்தான் தெரியும். அந்தாள் கடைசி மட்டும் ஒரு வார்த்தை சொல்லேல்லை."

பிறகு, வந்த அலுவலை முடிக்கிறவர் போலச் சொன்னார்.

"இதையும் வெட்டி அந்தக் கோட்டிலை ஒரு இடத்திலை வைச்சுத் தை, பிள்ளை. அப்ப நீ அண்டைக்குச் சொன்னதும் பொய்யில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து வர உள்ளே போனார். தலைவர் புறப்படவில்லை. வெட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.